மிடறு முதல் மிடி வரை

விமான நிலையத்தின் இரைச்சல் எட்டும் தொலைவில், பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் மேற்கே அமைந்த ஊர் பம்மல். 2021ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. இவ்வூரின் பெயரைத் தமிழுலகுக்கு நெருக்கமாக்கியவர் ஒரு நாடகக் கலைஞர். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, பாட்டுகளே நிறைந்திருந்த தமிழ் மேடையில் உரைநடை உரையாடலுக்கு உயிர் தந்த பம்மல் சம்பந்த முதலியாரே அவர்.

அண்டையிலிருக்கும் பல்லாவரத்துக்கு வேறொரு பெருமை உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய மறைமலையடிகள், 1911இல் அப்பணியை விட்டு நீங்கிப் பல்லாவரத்தில் குடியேறினார். பிறமொழிக் கலப்பின்றித் தமிழை எழுதவும் பேசவும் இயலும் என்னும் தனித்தமிழ்க் கொள்கை 1916இல் அவரிடமிருந்து புறப்பட்டது. மறுபுறத்தில் குரோம்பேட்டை. குரோமியம் கொண்டு தோலைப் பதப்படுத்திய தொழிற்சாலையே அவ்வூருக்குப் பெயர் தந்தது. அங்கே 1949இல் சி. இராஜம் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கழகம், மின்னணுவியலைத் தனிப் பொறியியல் துறையாகக் கற்பித்த முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. எழுத்தாளர் சுஜாதா அங்கே பயின்றவர்.

மேடையும் சொல்லும் மின்னணுவும் இப்படி ஒரு நடைத்தொலைவுக்குள் அமைந்த இவ்வட்டாரத்தில் நின்று எழுப்பத்தக்க கேள்வி ஒன்று உண்டு. மின்சாரத்தால் ஒலிக்கும் கருவி நம் மேடைக்கு வந்தபோது, அதன் மொழி எது? அந்த மொழியில் நம் இசைக்கு இடம் கிடைத்ததா? கடந்த நூற்றாண்டுக்கும் மேலான இசை வரலாற்றை இக்கேள்வியின் வெளிச்சத்தில் சற்றே புரட்டிப் பார்ப்பது பயனுடையது.

ஐவகையும் ஆறாவதும்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என ஐவகையாகப் பகுப்பது தமிழ் மரபு. மத்தளமும் பறையும் தோல். குழலும் நாகசுரமும் துளை. யாழும் வீணையும் நரம்பு. தாளமும் மணியும் கஞ்சம். மனிதனின் குரல் பிறக்கும் தொண்டையே மிடறு. இப்பகுப்பின் அழகு, அது ஒலி பிறக்கும் இடத்தைச் சுட்டிப் பெயரிடுவதில் இருக்கிறது. எது அதிர்கிறதோ அதுவே கருவியின் இனம்.

சிந்தசைசர் என்று உலகம் வழங்கும் கருவி இவ்வைந்தில் எதிலும் அடங்காது. அதில் தோலும் இல்லை, துளையும் இல்லை, நரம்பும் இல்லை. மின்னோட்டமே அதிர்கிறது, ஒலிபெருக்கி அதைக் காற்றுக்கு மாற்றித் தருகிறது. 1964இல் அமெரிக்காவில் இராபர்ட் மூக் வடிவமைத்த சிந்தசைசர் இவ்வகையில் ஒரு திருப்புமுனை. அதன் உறுப்புகளை நம் பாடநூல் தமிழிலேயே எளிதில் சொல்லலாம். முதலில் அலையியற்றி, அது ஓயாது ஒரு மின்னலையை எழுப்பும். அலையின் வடிவத்துக்கேற்ப ஒலியின் நிறம் மாறும். அடுத்து வடிப்பான், செறிந்த ஒலியிலிருந்து வேண்டாத அதிர்வெண்களை நீக்கும். மூன்றாவது பெருக்கி, ஒலியின் அளவைக் கூட்டியும் குறைத்தும் தரும்.

இம்மூன்றையும் ஆளும் நான்காவது ஒன்றும் உண்டு. அதனை உறை என்பர். கோயில் மணியை அடிக்கிறோம். ஒலி சட்டென்று எழுகிறது, பின் மெல்லக் கரைகிறது. நாகசுரத்தை ஊதுகிறோம், மூச்சுள்ள வரை ஒலி நிலைத்து நிற்கிறது. ஓசையின் இந்த வாழ்க்கை வரலாற்றை எழுச்சி, தணிவு, நிலைப்பு, விடுகை என நான்கு பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு குமிழால் திருப்பும்படி அமைத்தார்கள். நிலைப்பு என்பதை நம் இசைவாணர்கள் கார்வை என்னும் சொல்லால் எப்போதோ அறிந்திருந்தார்கள். ஆகவே கருவி புதிது. அது பேசும் பொருள் முற்றிலும் புதிதன்று.

எழுத்தாக மாறிய இசை

மின்னணு இசையின் மொழியை அறிந்துகொள்ள, அதற்கு முன்னரே நம் நாட்டில் நிகழ்ந்த ஒரு முயற்சியை நினைவுகூர வேண்டும். அதுவே இசையை எழுத்தாக்கும் முயற்சி.

குரு பாட, சீடர் கேட்டுப் பாட, செவிவழியாகவே வளர்ந்தது நம் இசை. சுரங்களை எழுதிவைக்கும் வழக்கம் இருந்தபோதும், அவ்வெழுத்து நினைவுக்கு ஒரு கைத்தடியாக மட்டுமே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் வாழ்ந்த ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவ அறிஞர் இந்நிலையை மாற்ற விழைந்தார். கர்நாடக இசையின் கீர்த்தனைகளை ஐந்து கோடுகளில் எழுதும் மேலைநாட்டு முறையில் பதித்து, உலகத்தார் யாவரும் படித்து இசைக்கும்படி வெளியிடலானார். மூலமான இசை வடிவங்களைத் தேடிய அவருடைய முயற்சியோடு எட்டையபுரத்துச் சுப்பராம தீட்சிதரும் தொடர்புகொண்டார்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. ஐந்து கோடுகள் எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லும் வழியை, சுரம் நின்ற இடத்திலேயே அசைந்தாடும் அசைவை, அதாவது கமகத்தைச் சொல்ல அதில் எழுத்து இல்லை. கமகம் நீங்கிய தோடியை யார் தோடி என்பர்? இதனை நன்கு உணர்ந்த சுப்பராம தீட்சிதர், 1904இல் எட்டையபுரத்தில் அச்சேறிய தம் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலில், கம்பிதம், நொக்கு, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு முதலிய ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு தனிக்குறியை வகுத்து, சுரத்தின் தலைமேல் பொறித்துக் காட்டினார். பிறர் எழுத்தில் நம் ஒலிக்கு இடமில்லை என்று சோர்ந்துவிடாமல், இல்லாத எழுத்தை உண்டாக்கிய செயல் அது.

தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் இதே கவலையின் மற்றொரு முகம். ஒரு ஸ்தாயிக்குள் சுருதிகள் எத்தனை என்னும் கேள்வியை அவர் கணக்கோடு ஆராய்ந்து, 22 என்னும் வழக்குக்கு மாறாக 24 என்று நாட்டினார். அவர் முடிவை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. ஆனால், தமிழிசையின் ஒலிகளை அளந்து பெயரிட்டு எழுதிவைக்க வேண்டும் என்ற அவருடைய வேட்கையை மறுப்பார் இலர்.

பெட்டிக்கு வந்த தடை

எழுத்தில் எழுந்த சிக்கல் அடுத்துக் கருவியிலும் எழுந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்து, நம் நாட்டில் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறுகையால் வாசிக்கும்படி உருமாறிய ஆர்மோனியம், நாடக மேடைகளையும் பசனைக் கூடங்களையும் தேவாலயங்களையும் விரைவில் பிடித்துக்கொண்டது. விலை மலிவு, தூக்கிச் செல்வது எளிது, சுருதி சேர்க்கும் வேலையும் இல்லை. ஆயினும் அதன் கட்டைகள் அசையாத படிகள். படியிலிருந்து படிக்குத் தாவலாம். வழுக்கிச் செல்ல இயலாது. கமகம் தராத பெட்டி என்று இசையறிஞர் பலர் அதனைக் கடிந்தனர். 1940இல் அகில இந்திய வானொலி தன் நிலையங்களில் ஆர்மோனியத்தை ஒலிக்கவிடாமல் தடை விதித்தது. 1971இல்தான் அத்தடை தளரத் தொடங்கியது.

இதில் ஒரு வியப்பு உண்டு. வானொலி விலக்கிய அப்பெட்டியே கர்நாடக இசைப் பாடகருக்கு ஓர் அன்றாடச் சொல்லைக் கொடுத்துவிட்டது. ஒரு கட்டை, இரண்டு கட்டை, நாலரைக் கட்டை என்று பாடகர்கள் தம் சுருதியைச் சொல்கிறார்கள். அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் மரக்கட்டையே. வெள்ளைக் கட்டைக்கு முழு எண்; இடையிலுள்ள கறுப்புக்கு அரை. எந்தச் சொல்லாக்கக் குழுவும் கூடி இச்சொல்லைப் படைக்கவில்லை. பயன்படுத்தியவர்களின் நாவிலேயே அது பிறந்தது. தூய தமிழ்ச் சொல்லாகவும் அமைந்துவிட்டது. பல்லாவரத்து அடிகளும் குறைகூற இயலாத சொல் இது.

உடன்பாட்டின் மொழி

மின்னணு இசை இந்தியாவுக்குள் நுழைந்த வரலாறு பலர் எண்ணுவதைவிடப் பழையது. 1969இல் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் உதவியோடு மூக் சிந்தசைசருடன் ஒரு கூடம் அமைந்தது. கீதா சாராபாய் முதலிய இந்தியர் சிலர் அங்கே புதிய ஒலிகளைத் தேடினர். சில ஆண்டுகளில் அக்கூடம் ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தன. 1979இல் பெங்களூரில் குழலிசைக் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். இன்று சுருதிப் பெட்டியாகக் கச்சேரி மேடைதோறும் காணும் கருவிக்கு முன்னோடி அதுவே. 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங், ரோலண்டு நிறுவனத்தின் மூன்று மின்கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களைப் பதிவு செய்தார்.

அக்காலத்தில் மின்கருவிகளிடையே ஒரு பெருங்குறை இருந்தது. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியோடு பேசாது. பாபேல் கோபுரத்தின் அடியில் நின்ற கொத்தர்களைப்போல ஒவ்வொன்றும் தன் மொழியில் மட்டுமே பேசிற்று. ஜப்பானில் ரோலண்டு நிறுவனத்தைத் தோற்றுவித்த இக்குதாரோ கக்கேஹாஷியும், அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த டேவ் ஸ்மித்தும் இக்குறையைத் தீர்க்க முயன்றனர். வணிகத்தில் போட்டியாளர்களான அவர்களும் வேறு சில ஜப்பானிய நிறுவனத்தாரும் கலந்து பேசி ஒரு பொதுமொழியை வகுத்தனர். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் ஸ்மித்தின் கருவியையும் ரோலண்டின் கருவியையும் ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினர். ஒன்றில் வாசிக்க, மற்றொன்று ஒலித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் முழு வரையறையும் வெளியாயிற்று. இசைக்கருவிகளுக்கான எண்முறை இணைப்பு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து, அம்மொழிக்கு மிடி என்று பெயராயிற்று.

இம்மொழியைப் பயன்படுத்த எவரும் எவருக்கும் உரிமத்தொகை செலுத்த வேண்டியதில்லை என்பதே இவ்வரலாற்றின் மிக அரிய செய்தி. அள்ள அள்ளப் பொருள் தரக்கூடிய ஒன்றை இருவரும் பொதுவுக்கு விட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. கக்கேஹாஷி 2017இலும் ஸ்மித் 2022இலும் மறைந்தனர்; அம்மொழி வாழ்கிறது.

ஒலியில்லாத செய்தி

மிடியைப் பற்றி முதலில் அறியவேண்டியது, அதில் ஒலி இல்லை என்பதே. அந்தக் கம்பியின் வழியே இசை செல்வதில்லை, கட்டளைகள் செல்கின்றன. ஓலையில் எழுதிய சுரக்குறிப்பு எப்படித் தானே பாடாதோ, அப்படியே இதுவும்.

ஒரு கட்டையை அழுத்தியதும் மூன்று துணுக்குகள் கொண்ட ஒரு செய்தி புறப்படுகிறது. முதல் துணுக்கு, சுரம் தொடங்குக என்றும், இன்ன தடத்தில் என்றும் சொல்லும். ஒரு கம்பியில் 16 தடங்கள் உண்டு. ஒரே தெருவில் 16 வீடுகள் இருப்பதுபோல; எந்த வீட்டுக்கு வந்த கடிதமோ அந்த வீட்டார் மட்டும் எடுத்துக்கொள்வர். இரண்டாம் துணுக்கு, எந்தச் சுரம் என்பதைச் சொல்லும். 0 முதல் 127 வரை 128 எண்கள். பியானோவின் நடுவிலுள்ள கட்டைக்கு எண் 60. நம் பாடகர் ஒரு கட்டை என்று சொல்லும் சுருதியும் அந்தக் கட்டையின் சுரமே. மூன்றாம் துணுக்கு, கட்டை எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதைச் சொல்லும். அதுவும் 127 வரையே. மென்மையும் வன்மையும் இவ்வெண்ணில் அடங்கும். விரலை எடுத்ததும் சுரம் நிற்க என்னும் தனிச்செய்தி புறப்படும். அச்செய்தி வழியில் தவறினால், வாசித்தவர் எழுந்து போன பின்னும் கருவி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும்.

இச்செய்திகளை வரிசையாகச் சேமித்து, வேண்டும்போது மீண்டும் அனுப்பும் கருவிக்கு சீக்வென்சர் என்று பெயர். நிரல்கோவை என்று நாம் வழங்கலாம். சேமித்தது கட்டளையாதலால், வாசித்து முடித்த பின்னும் ஒரு சுரத்தை மட்டும் திருத்தலாம், சுருதியை மாற்றலாம், வீணையில் ஒலித்ததைக் குழலில் ஒலிக்கச் செய்யலாம். உண்மையான கருவிகளின் ஒலியைத் துண்டுதுண்டாகப் பதிந்துவைத்து, கட்டளை வந்ததும் எடுத்துத் தரும் கருவி சாம்ப்ளர். இவ்விரண்டும் கணிப்பொறியும் சேர்ந்தபோது, ஒரு மனிதர் ஓர் அறையில் அமர்ந்து ஒரு பெரும் இசைக்குழுவை எழுப்ப இயன்றது.

நூற்றிருபத்தெட்டில் நம் பங்கு

1991இல் இம்மொழிக்கு ஒரு பொதுப்பட்டியல் சேர்ந்தது. எந்த நிறுவனத்தின் கருவியிலும் இன்ன எண்ணுக்கு இன்ன ஒலி என்று 128 ஒலிகளை வரிசைப்படுத்திய பட்டியல் அது. முதல் எண் பியானோ. ஜப்பானியரின் கோட்டோவும் சாமிசனும் அதில் உண்டு. தைக்கோ முரசும் உண்டு. ஆப்பிரிக்கரின் கலிம்பா உண்டு. இந்தியாவுக்கு 105ஆம் எண்ணில் சிதார், 112ஆம் எண்ணில் ஷெனாய். வீணை இல்லை. நாகசுரம் இல்லை. தாளக்கருவிகளுக்கென ஒதுக்கிய பத்தாம் தடத்தில் பிரேசில் நாட்டின் சிறு கருவிகளும் கியூபாவின் முரசுகளும் இருக்க, மிருதங்கமும் இல்லை, தவிலும் இல்லை, பறையும் இல்லை.

யாரும் பகைமையால் இவற்றை விலக்கவில்லை. பட்டியல் எழுதிய மேசையில் இருந்தவர்கள் தாம் அறிந்தவற்றை எழுதினார்கள்; அம்மேசையில் நாம் இல்லை. ஒரு பட்டியலில் பெயர் இல்லாமையை நாம் எளிதாக எண்ணிவிடக்கூடாது. உலகெங்கும் விற்பனையான கருவிகளில் ஒரு சிறுவன் பொத்தானை அழுத்தி ஒவ்வோர் ஒலியாகத் தேடும்போது, தன் ஊர்த் திருவிழாவில் கேட்ட ஒலி அதில் இல்லை என்றால், இசை என்பது வேறெங்கோ இருப்பது என்றே அவன் உள்ளம் கற்றுக்கொள்ளும்.

கமகத்தின் நிலையும் இத்தகையதே. சுரத்தை வளைக்கும் சக்கரம் ஒன்று கருவியின் இடப்பக்கத்தில் உண்டு. அதன் அசைவை 16,384 படிகளாக நுணுக்கி அனுப்ப மிடியில் வழியும் உண்டு. ஆர்மோனியத்துக்கு இல்லாத இவ்வசதியால், தேர்ந்த கலைஞர் இடக்கையால் சக்கரத்தை அசைத்து, வலக்கையால் வாசித்து, வீணையின் இழைவை ஏறக்குறைய எழுப்ப முடிந்தது. ஆனால் அந்தச் சக்கரம் தடம் முழுவதையும் ஒருங்கே வளைத்தது. இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒலிக்க, ஒன்றை மட்டும் அசைக்க வழி இல்லை. ஒற்றைச் சுரத்தின் அசைவிலேயே உயிர் வைத்த இசைக்கு, கூட்டுச் சுரங்களின் இசைக்கென வகுத்த மொழி முழுதும் பொருந்தவில்லை. 1904இல் எட்டையபுரத்தில் எழுந்த அதே கேள்வி மீண்டும் எழுந்தது.

கோடம்பாக்கத்தில்

இம்மொழி தமிழ் மக்களின் செவிக்கு எட்டியது திரைப்படத்தின் வழியாகவே. இளையராஜா இசையமைத்து 1986இல் வெளிவந்த விக்ரம், புன்னகை மன்னன் ஆகிய இரு படங்களும் கணிப்பொறியின் துணையோடு இசை பதிவான தொடக்ககாலப் படங்களாகக் குறிக்கப்படுகின்றன. விக்ரம் படத்தின் கதையை எழுதியவர் குரோம்பேட்டையில் மின்னணுவியல் பயின்ற அதே சுஜாதா என்பது நயமான பொருத்தம். ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியை ஐந்து கோட்டு முறையில் தம் கையால் எழுதித் தரும் வழக்கமுடைய இளையராஜாவுக்கு, நிரல்கோவை மற்றொரு தாளாகவே தோன்றியிருக்க வேண்டும். விஜி மேனுவல் போன்ற கலைஞர்கள் அவருடைய இசைக்குழுவில் மின்கட்டைகளைத் திறம்பட இசைத்தனர்.

திலீப் என்னும் இளைஞரும் அந்நாளில் பல இசையமைப்பாளர்களிடம் மின்கருவி இசைத்துவந்தார். மலையாளத் திரையிசைக் கலைஞரான தந்தை ஆர். கே. சேகரை 1976இல் ஒன்பது வயதில் இழந்தவர். தந்தை விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் சில காலம் வாழ்ந்தது. ஏ. ஆர். ரகுமான் என்று பெயர் மாறிய அவர், 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறம் பஞ்சதன் என்னும் சிறு ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் ரோஜா வெளிவந்தது. அதன் பின் தமிழ்த் திரையிசையின் ஒலியே மாறிற்று என்பது யாவரும் அறிந்தது.

இம்மாற்றத்துக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. அதுவரை ஒரு பாட்டுக்குப் பத்துக்கணக்கான வயலின் கலைஞர்களும் குழல், தபலா, மிருதங்கக் கலைஞர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒன்றாக வாசித்தனர். நாளொன்றுக்கு இத்தனை பாட்டு, பாட்டுக்கு இவ்வளவு ஊதியம் என்று அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. திரைப்பட இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கண்ட எம். பி. சீனிவாசன் போன்றோர் போராடிப் பெற்றுத் தந்த மதிப்பு அது. நாற்பது வில்கள் எழுப்பிய ஒலியை ஒருவருடைய பத்து விரல்கள் எழுப்பத் தொடங்கியபோது, பல வில்கள் உறைக்குள் உறங்கின. தமிழில் மிடி என்றால் வறுமை என்று பொருள். ஆங்கில எழுத்துகள் தற்செயலாகச் சேர்ந்து தந்த பெயர், அக்கலைஞர்களின் வீடுகளில் தன் தமிழ்ப்பொருளையும் தேடிக்கொண்டது.

இதற்காக அக்கருவியைச் சபிப்பது அறிவுடைமை ஆகாது. கருவி தானாக யாரையும் வேலையைவிட்டு நீக்குவதில்லை. சிக்கனம் கருதும் மனிதரே நீக்குகிறார்கள். அதே கருவிதான் புரோகிராமர் என்னும் புதிய தொழிலையும் தந்தது. பெரும் கூடங்களின் வாசலைக் காணாத இளைஞருக்கும் இசையமைக்கும் வாய்ப்பைத் தந்தது. விமானங்கள் தலைக்கு மேல் இறங்கும் பம்மலில், அமைதியான ஒலிப்பதிவுக்கு வழியற்ற ஒரு சிறுவீட்டிலும், மிடியைக் கொண்டு இசை அமைக்கலாம். கட்டளைக்கு ஒலிவாங்கி தேவையில்லை; விமானத்தின் இரைச்சல் அதில் புகாது. ஆயினும் கூடி அமர்ந்து வாசிக்கையில் ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு இசைந்த இசைவு, எண்களில் அடங்கவில்லை என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை.

ஆலயத்தில்

நம் பங்குகளின் பாடகற் குழுக்களும் இவ்வரலாற்றின் வெளியே நிற்கவில்லை. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, குழல் ஆர்கனைப் பெரிதும் மதித்ததோடு, வழிபாட்டுக்குப் பொருந்துகிற, அல்லது பொருந்தும்படி ஆக்கத்தக்க பிற கருவிகளுக்கும் இடமளித்தது. ஆர்மோனியத்தின் அருகே தபலாவும் வயலினும் அமர்ந்தன. பின்னர் கேசியோ என்னும் வணிகப் பெயராலேயே பலரும் அழைத்த மின்கட்டைகள் வந்தன. இன்று பல ஆலயங்களில் ஒருவரே ஒரு பொத்தானால் தாளத்தையும், மற்றொன்றால் பக்க இசையையும் எழுப்பிவிடுகிறார்.

வசதிதான், ஐயமில்லை. ஆனால் அப்பொத்தானுக்குள் இருக்கும் தாளங்கள் யாருடையவை? வால்ட்ஸ், டிஸ்கோ, போசா நோவா என்று பிற நாட்டார் ஆடிய தாளங்கள். நம் ஆதிதாளமும் கும்மியின் நடையும் ஒயிலாட்டத்தின் அடவும் பழைய பல கருவிகளின் பொத்தான்களில் இல்லை. பாட்டுக்கு ஏற்ற தாளத்தைத் தேடாமல், பொத்தானில் இருக்கும் தாளத்துக்கேற்பப் பாட்டை வளைத்துக்கொள்ளும் பழக்கம் இப்படியே வேரூன்றுகிறது. தபலா வாசித்த இளைஞர் குழுவின் பின்வரிசைக்குப் போய், பிறகு வராமலே நின்றுவிடுகிறார். கோடம்பாக்கத்தில் நிகழ்ந்தது சிறு அளவில் நம் ஆலயங்களிலும் நிகழ்கிறது. இங்கே சிக்கனம் என்னும் காரணம்கூட இல்லை.

எழுதப்படாத எழுத்து

மிடியின் மொழி நின்றுவிடவில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித் தடம் தந்து, ஒன்றை மட்டும் வளைக்கும் முறை 2018இல் ஏற்கப்பட்டது. 2020இல் மிடியின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் அழுத்த வேகத்துக்கு 128 படிகள் இருந்த இடத்தில் 65,536 படிகள் உண்டு. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கவும் இடமுண்டு. சுப்பராம தீட்சிதர் கையால் பொறித்த குறிகளின் பணியை இனி இம்மொழியும் ஓரளவு செய்ய வல்லது.

ஆயினும் எழுத்து இருப்பது வேறு. அதைக் கொண்டு எழுதுவது வேறு. தவிலின் வலந்தலை ஒலியை விரலடியின் வேறுபாடுகளோடு பதிந்துவைக்க வேண்டும். பறையின் அடிகளைப் பெயர்சொல்லிப் பட்டியலிட வேண்டும். தோடியின் காந்தாரம் எப்படி அசைகிறது என்பதைக் கணிப்பொறிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இவற்றை ஜப்பானியர் நமக்காகச் செய்யமாட்டார்கள்; செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. தம் கருவிகளை அவர்கள் பட்டியலில் சேர்த்தார்கள். நம் கருவிகளை நாம் சேர்க்கவேண்டும். இசைக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் சேர்ந்து செய்யத்தக்க பணி இது. ஓய்ந்திருக்கும் வயலின், தவில் கலைஞர்களுக்கு ஊதியமும் மதிப்பும் தந்து அவர்களுடைய விரல்களையே ஆசிரியராகக் கொண்டால், இழந்தவர்களுக்கு ஒரு சிறு ஈடாகவும் அமையும்.

சொற்களைப் பற்றியும் அஞ்சவேண்டியதில்லை. அலையியற்றி, வடிப்பான், கார்வை, நிரல்கோவை என்று சொல்லிப் பழகினால் அவை நிலைக்கும், நிலைக்காதவை உதிரும், கட்டை என்பதுபோல நாம் எதிர்பாராத ஒன்று எங்கிருந்தோ வந்து அமரும். பிறமொழிச் சொல்லே நிலைத்தாலும் பேரிழப்பு இல்லை. பேரிழப்பு வேறொன்று: நம்முடைய ஒலிக்கு எந்த மொழியிலும் எழுத்து இல்லாமல் போவது. மிடறு என்னும் கருவியை ஐந்தாவதாக வைத்த நம் முன்னோர், மனிதக் குரலையும் ஒரு கருவியாகவே எண்ணினார்கள். அதன் அசைவுகளைக் கேட்டே மற்றக் கருவிகள் பாடக் கற்றன. மின்கருவியும் அந்தப் பள்ளியில் சேர வரலாம். அதற்குப் பாடிக்காட்ட ஒருவர் இருக்க வேண்டும்.